கதவடி வெளிச்சம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் கராஜ் கதவு, துண்டு துண்டாக மடங்கி மேலே ஏறும் வகை. அடியில் இருக்கும் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருகிறது, காற்றடித்தால் சருகும் மண்ணும் வருகின்றன. நானே மாற்றிவிட முடியுமா? எந்த ரப்பர் வாங்குவது?

பதில்: முடியும். கூடப்பிடிக்க இன்னொருவர் இருந்தால் ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் ரப்பர் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெயில் நேரத்தில் கராஜுக்குள் போய்க் கதவை இறக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். மழையும் காற்றும் வரும் வழியும் அதுதான். அந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்.

கதவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் ஒன்றுமில்லாமல் மறு பக்கம் போகப் போக அகலமாகிக்கொண்டே போனால் ரப்பர் மேல் பழி போடாதீர்கள். கதவின் அடிப்பகுதியில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நின்றால் தரைதான் சரிந்திருக்கிறது. நிற்காவிட்டால் கதவு கோணலாகத் தொங்குகிறது. அது கேபிள், ஸ்பிரிங் சம்பந்தப்பட்ட வேலை. அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கதவு வேலைக்கு வந்து எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆகிறது. முதல் சில வருடங்கள், யார் கூப்பிட்டாலும் பழைய ரப்பரை உருவிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டிக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த மழைக்கு அவர்களில் பலர் திரும்பக் கூப்பிட்டார்கள். ரப்பர் புதுசு, தண்ணீர் பழைய இடத்திலேயே.

சரி, ரப்பர்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கதவின் அடியில் அலுமினிய சேனல் இருக்கும். பெரும்பாலும் இரண்டு பள்ளம் ஓடும், ரப்பரின் இரண்டு ஓரமும் அவற்றில் சொருகியிருக்கும். ஒரு முனையில் ரப்பரைக் கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே இழுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரம் ஆணித் தலை போலத் தட்டையாக இருந்தால் ஒரு வகை, மணி போல உருண்டிருந்தால் இன்னொரு வகை. ஒன்றின் இடத்தில் மற்றது நிற்காது.

அளவெடுக்கும்போது பழைய ரப்பரை நம்பாதீர்கள், சேனலின் பள்ளத்தை அளங்கள். ரப்பர் வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கியிருக்கும். தட்டைத் தலை ரப்பரில் கால் அங்குலத் தலை, அதைவிட அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) பெரிய தலை என்று இரண்டும் புழக்கத்தில் உண்டு. அரை நூல்தானே என்று ஒரு தடவை கண் மதிப்பில் வாங்கிக்கொண்டு போனேன். ஓர் ஆள் உயரத்துக்கு நுழைந்தது, அப்புறம் நகரவே இல்லை. மூன்று பேர் கயிறு கட்டி இழுத்தோம், முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. கடைசியில் கத்தியால் கிழித்துத்தான் எடுத்தேன். ரப்பரும் போச்சு, சேனலின் உதடும் வளைந்துபோச்சு.

அகலம் என்பது ரப்பரைத் தட்டையாக விரித்து அளப்பது. மூன்று அங்குலம், நான்கு அங்குலம் சாதாரணமாகக் கிடைக்கும், ஆறு அங்குலமும் உண்டு. அகலம் கூடினால் கீழே தொங்கும் வளையம் பெரிதாகும், மேடு பள்ளமான தரைக்கு அது நல்லது. அதற்காகத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் ரப்பர் மடிந்து குவிந்து நிற்கும். மோட்டார் கதவாக இருந்தால் ஏதோ தடுக்கிறது என்று நினைத்து மேலே திரும்பிவிடும்.

பொருளைப் பொறுத்தவரை நான் ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர்தான் போடுவேன். வெயிலைத் தாங்கும், குளிரிலும் வளையும். வினைல் பட்டை பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் குளிரில் விறைத்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்குங்கள். கதவை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் உருளைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கதவு இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது. கதவின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு இரும்புத் தகடு இருக்கும், கேபிள் அதில்தான் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டின் ஸ்க்ரூவில் கை வைக்கவே வைக்காதீர்கள். கதவின் முழு எடையையும் தூக்கும் ஸ்பிரிங்கின் இழுப்பு அந்தக் கேபிளில் இருக்கிறது. சேனலைக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் அதில் ஸ்பேனரை வைத்துவிட்டான். அரைச் சுற்று சுற்றியதும் 'கிர்' என்று ஒரு சத்தம். நான் கையைத் தட்டிவிட்டேன். அன்று முழுவதும் அவன் டீ கூடக் குடிக்கவில்லை.

பழைய ரப்பரை உருவியதும் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் தட்டை ஸ்க்ரூட்ரைவரும் போதும். உள்ளே மண், சிலந்திக்கூடு, துரு எல்லாம் இருக்கும். ரப்பர் நகராமல் இருக்கச் சேனலின் முனைகளை முன்பு நசுக்கியிருப்பார்கள், அதை நிமிர்த்துங்கள். பள்ளத்திலும் புது ரப்பரின் தலையிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஒருவர் ரப்பரை முறுக்கில்லாமல் ஊட்டிக்கொண்டே வர, இன்னொருவர் மறு முனையிலிருந்து இழுக்க வேண்டும். தள்ளினால் போகாது, சுருண்டு நிற்கும்.

மறு முனைக்கு வந்ததும் உடனே வெட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இழுக்கும்போது ரப்பர் நீண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நான்கு விரல் நீளம் விட்டுவிட்டு, நாலைந்து முறை கதவை ஏற்றி இறக்கி, மறுநாள் வாருங்கள். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். அப்போதும் ஒரு விரல் நீளம் மிச்சம் வைத்தே வெட்டி, சேனலின் முனைகளைக் குறட்டால் லேசாக நசுக்கிவிடுங்கள்.

மோட்டார் கதவானால் கடைசியாக ஒன்று பாக்கி. புது ரப்பர் கொழுத்திருப்பதால் கதவு எங்கே நிற்க வேண்டும் என்ற அளவைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும். மாற்றியபின், ஒன்றரை அங்குல கனமுள்ள மரக்கட்டையைத் தட்டையாகத் தரையில் போட்டுக் கதவை இறக்குங்கள். கட்டையைத் தொட்டதும் கதவு தானாக மேலே திரும்ப வேண்டும். கட்டையை அழுத்திக்கொண்டு நின்றால் அதைச் சரி செய்யும்வரை மோட்டாரை ஓட்டாதீர்கள். அந்தக் கட்டையின் இடத்தில் நாளைக்கு ஒரு குழந்தையின் கால் இருக்கலாம்.

கேள்வி: அடி ரப்பர் நன்றாக இருக்கிறது. பக்கவாட்டிலும் மேலேயும்தான் காற்று வருகிறது.

பதில்: அங்கே நிலையில் அடித்திருக்கும் பட்டையின் மெல்லிய நாக்கு கிழிந்திருக்கும். கதவை மூடி வைத்துக்கொண்டே புதுப் பட்டையை அடியுங்கள். முதலில் மேலே, பிறகு பக்கங்கள். நாக்கு கதவின்மேல் லேசாக வளைந்து படிய வேண்டும். நடுவே ஒரு காகிதத்தை வைத்து இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும், கிழியக் கூடாது. ஓரடிக்கு ஓர் ஆணி. இறுக்கி அடித்தால் கதவு உராய்ந்து முனகும், நாக்கும் சீக்கிரம் தேயும்.

கேள்வி: எங்கள் கராஜ் தரை நடுவில் அமுங்கிவிட்டது. தரையில் ஒட்டும் ரப்பர் திண்டு போடலாமா?

பதில்: பள்ளம் அரை அங்குலத்துக்குள் என்றால் அடி ரப்பரையே ஓரளவு பெரிய வளையமாகப் போடுங்கள், அதுவே அமுங்கி நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் திண்டு நல்ல வழி. ஒட்டும் இடத்தில் எண்ணெய்க் கறை துளிகூட இருக்கக் கூடாது. பசையைக் குறை சொல்பவர்களின் தரையைப் போய்ப் பார்த்தால் வண்டி சொட்டிய எண்ணெய்தான் இருக்கும். நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதன்மேல் வண்டி ஏற வேண்டாம். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: வெளித் தண்ணீரைத் தடுக்கும் திண்டு, நனைந்து வந்த வண்டியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் வெளியே விடாது.

கேள்வி: ரப்பர் காயாமல் இருக்க கிரீஸ் தடவலாமா?

பதில்: வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எதுவும் ஈபிடிஎம் ரப்பருக்கு ஆகாது, ஊறி உப்பிக் கொழகொழத்துப் போகும். நானே தடவிக் கெடுத்திருக்கிறேன். சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள்.

கேள்வி: புது ரப்பரின் மூலையைச் சுண்டெலி கடித்துவிட்டது.

பதில்: பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி வந்துவிடும். உள்ளே கம்பி வலை வைத்த மூலைத் துண்டுகள் கிடைக்கின்றன, அவற்றைப் போடுங்கள். கராஜில் தானியம், நாய்த் தீனி மூட்டை எதுவும் இருந்தால் அதை முதலில் இடம் மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டேன், இப்போது வெளிச்சம் ஒரு பொட்டுகூட வரவில்லை. குளிர் காலையில் கதவை மூடி வைத்தே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடலாம் இல்லையா?

பதில்: கூடவே கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மயங்கி விழும்வரை தெரியாமலே போகலாம். கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது, வீட்டுக்குள்ளும் கசியும். முதலில் கதவை முழுக்க ஏற்றுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். சூடாக வேண்டியது அங்கே நின்று சூடாகட்டும்.