நத்தைக்கு மூலிகை, நமக்குப் பட்டை நாமம்

கேள்வி: மழை தொடங்கியதும் குரோட்டன்ஸ், செவ்வந்தித் தொட்டிகளை நத்தைகள் மொட்டையடிக்கின்றன. ‘மூலிகை நத்தைக்கொல்லி’ என்று அரை லிட்டர் 480 ரூபாய்க்கு வாங்கித் தெளித்தேன். தெளித்த இலையிலேயே அவை ஊர்கின்றன. ‘பொறுமையாகத்தான் வேலை செய்யும்’ என்கிறார் கடைக்காரர். பில் இருக்கிறது.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பில்லை விட்டுவிடாதீர்கள் அம்மா, தவறு உங்களுடையது அல்ல. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

இனி என் வயிற்றெரிச்சல். பச்சை இலைப் படம் போட்டால் போதும், புட்டியைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. வேம்பிலிருந்து எடுத்ததானாலும், பூச்சிக்கொல்லி என்று விற்றால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். வேம்பில் பூச்சியை முடக்கும் சத்தான அசாடிராக்டின் எத்தனை சதவீதம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். நானே ஒரு கண்காட்சியில் 5 லிட்டர் ‘சுத்தமான வேப்பெண்ணெய்’ வாங்கினேன். மூடியைத் திறந்தால் வாடையே இல்லை! வேப்பெண்ணெய் என்றால் அடுத்த வீட்டுக்காரர் மூக்கைப் பொத்த வேண்டாமா? இன்றும் அது என் வீட்டு வாசல் கேட்டின் கீலுக்குத்தான் போகிறது.

நல்ல வேப்பெண்ணெயும் பூச்சிகளைத்தான் முடக்கும். ஓடு போட்ட நத்தையைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். மாலையில் ஈரச்சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையைப் போடுங்கள். விடிந்ததும் அடியில் கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். கையுறை கட்டாயம்: பெரிய ஆப்பிரிக்க நத்தையில் மூளையைத் தாக்கும் புழு இருக்கலாம்.

கேள்வி: தொட்டி மண்ணில் கல்லுப்பு தூவினேன். செடியும் வாடுகிறதே?
– வாசகர், கோபி

பதில்: வாடாமல் என்ன செய்யும்?

கேள்வி: தேயிலை விதைப் புண்ணாக்கு நத்தையைக் கொல்லுமாமே? அல்லித் தொட்டி ஓரத்தில் போடலாமா? மீன் வளர்க்கிறேன்.
– வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: கொல்லும். அதிலுள்ள சபோனின் மீனையும் கொல்லும். அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மாடியில் 12 தொட்டிகள். தள்ளுபடி என்றதால் 5 லிட்டர் வேம்புக் கரைசல் வாங்கினேன், பில் கேட்கவில்லை. காலாவதியான சரக்கு என்று இப்போதுதான் பார்த்தேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: 12 தொட்டிக்கு 5 லிட்டரா? தென்னந்தோப்புக்கா தெளிக்கப் போகிறீர்கள்? கைபேசியில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் கேனின் படத்தையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்கு எழுதி என்ன பயன்?