கத்திரி வெயிலில் ஓவர்க்ளாக்: கடலூர், புதுச்சேரி கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மஞ்சக்குப்பம்): அண்ணா, என்னுடையது ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர். ஓவர்க்ளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்தைவிடக் கூட்டி, எல்லா கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டியிருக்கிறேன். மார்கழியில் சினிபெஞ்ச் (பிராசசரை முழு மூச்சில் ஓட்டும் டெஸ்ட்) ஓடும்போது 78 டிகிரி, இப்போது 90. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா?

பதில்: பேஸ்ட் மேல் பழி போடாதே தம்பி. முதலில் மேஜை பக்கத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை மாட்டு. ஃபேன் வைத்த கூலர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அறைக் காற்றைவிடக் கீழே பிராசசரை இறக்காது. மார்கழியில் உன் அறை 26 டிகிரி என்றால், அதற்கு மேல் 52 ஏறியிருக்கிறது. இப்போது அறை 37 இருக்கும். அதோடு அதே 52-ஐக் கூட்டினால் 89. உன் கூலர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, மாறியது அறைதான்.

அதனால் நோட்டில் எழுதி வைக்க வேண்டியது வித்தியாசத்தை. அது கூடிக்கொண்டே போனால் தூசி, பேஸ்ட், ஃபேன் என்று தேடு. ஆனால் 5600எக்ஸுக்கு உச்ச வரம்பு 95, நீ 90-இல் நிற்கிறாய். இன்னும் ஒன்று: ராத்திரி பதினோரு மணிக்கு டெஸ்ட் செய்துவிட்டு ‘ஸ்டேபிள்’ என்று சொல்லாதே. கடற்காற்று ஊருக்குள் வராத நாளாகப் பார்த்து, மதியம் 2 மணிக்கு, ஏசியை நிறுத்திவிட்டு ஓட்டு.

கேள்வி (லாஸ்பேட்டை): இரண்டு மென்பொருள் இரண்டு அளவு காட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். ஒரே சென்சாரை இரண்டும் போட்டி போட்டுப் படித்தால் கோளாறான எண் வரலாம். நான் பார்ப்பது ஹெச்டபிள்யூ இன்ஃபோ, அதிலும் ‘மேக்ஸிமம்’ பத்தியை. இன்டெல் சென்சார் உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் அளக்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது காட்டும் 30, 32 எல்லாம் தோராயம். பழைய ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அவற்றில் ஃபேனுக்காக 20 டிகிரியைக் கூட்டிக் காட்டும் ஏற்பாடு உண்டு.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ஐ5 12400-ஐ ஓவர்க்ளாக் செய்ய எந்தக் கூலர் வாங்கலாம்?

பதில்: வாங்காதீர்கள் சார். பெயரின் கடைசியில் ‘கே’ இல்லை, வேகத்தை முடிவு செய்யும் பெருக்கி பூட்டப்பட்டது.

கேள்வி (தேவனாம்பட்டினம்): கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தால் சூடு குறைகிறது. அப்படியே விடலாமா?

பதில்: நானும் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். நாலு டிகிரி குறைந்தது, உண்மைதான். ஐப்பசி மழை தொடங்கியபோது திருகாணியெல்லாம் துரு, ஹீட்சிங்க் இடுக்கில் உப்பீரத்தோடு தூசி அப்பிக்கிடந்தது. பிரஷ்ஷுக்கு வரவில்லை, பல்குத்தும் குச்சியால் சுரண்டினேன். கடலோரத்தில் தகட்டை மூடி, காற்று நுழையும் பக்கம் வலை போடுங்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை): வேகத்தைக் குறைக்காமல் சூட்டைக் குறைக்க வழி?

பதில்: வோல்டேஜ். வேகம் அதேதான் என்றால், மின்சாரச் செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.35-இலிருந்து 1.25-க்கு இறங்கினாலே கிட்டத்தட்ட 14 சதவீதம் மிச்சம். ஒரேயடியாக இறக்காமல் 0.02 வோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் டெஸ்ட் ஓட்டுங்கள். கணினி உறைந்தால் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். மஞ்சக்குப்பம் தம்பி, புதுக் கூலர் வாங்கும் முன் நீயும் இதைச் செய்து பார்.