ஒரு வாரம் பாகற்காய் சாறு குடித்தால் சீனிக் கணக்கு இறங்குமா?

கேள்வி: எனக்கு வயது 48. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். போன மாதம் அரசாங்க கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து இனிப்புநீர் என்று சொல்லிவிட்டார்கள். எச்பிஏ1சி 8.4. மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இனிப்புநீர் மிஸ்ஸியை (தாதியை) பார்க்கத் தேதி. ஏசுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதுவரை சோற்றை நிறுத்திவிட்டு பாகற்காய் சாறு குடித்தால் கணக்கு இறங்குமா? என்ன கொண்டு போக வேண்டும்?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பாகற்காயைக் குழம்பு வைத்துக் கொடுத்தால் சாப்பிடுங்கள், சாறும் பட்டினியும் வேண்டாம். அந்த 8.4 நேற்றைய சாப்பாட்டின் கணக்கு இல்லை, கடந்த இரண்டு மூன்று மாதமாக இரத்தத்தில் இருந்த சீனியின் சராசரி, ஒரு வாரத்தில் பெரிதாக அசையாது. விரலில் குத்திப் பார்ப்பது வேண்டுமானால் இறங்கும். அதுதான் வம்பு. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் மிஸ்ஸி உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் பொய்க் கணக்கைக் காட்டி என்ன லாபம்? வெறும் வயிற்றில் மெட்ஃபோர்மின் போட்டால் வயிற்றைக் கலக்கும், அது வேறு.

அதனால் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு வாயில் போட்டதை எல்லாம் எழுதி வையுங்கள், தமிழில் எழுதினால் போதும், அங்கே நீங்களே படித்துச் சொல்லலாம். விடியற்காலை டின் பால் ஊற்றிய தே, பத்து மணிக்கு ரொட்டி சானாய், வெயிலில் குடிக்கிற ஹண்டிரட் பிளஸ் (அதிலும் சீனி இருக்கிறது, பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை), சாயங்காலம் கூட்டாளிகளோடு குடிப்பது, எல்லாம். பீர் என்றால் பீர் என்றே எழுதுங்கள். மிஸ்ஸி ஏசினால் ஏசட்டும், அவர் கேட்காத கதை இல்லை. முடிந்தால் வீட்டுக்கார அம்மாவையும் கூட்டிப் போங்கள், சட்டியில் எண்ணெய் ஊற்றுவது அவர்தானே.

ஐசி, கிளினிக் கொடுத்த புத்தகம், போடுகிற மாத்திரை அத்தனையும் ஒரு பையில் போடுங்கள். மூட்டு வலிக்கு என்று பாசார் மாலாமில் வாங்கிய ஜாமு, கேப்சூல் ஏதாவது இருந்தால் அதுவும் பையில் வர வேண்டும். லேபிளில் மூலிகை என்று போட்டிருக்கும், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்திருக்கிறது, ஸ்டீராய்டு சீனியை ஏற்றிவிடும். ஆனால் இத்தனை நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், காட்டிக் கேளுங்கள். தேதிக் கார்டில் 'புவாசா' என்று எழுதியிருந்தால் முதல்நாள் இரவுக்குப் பிறகு வெறும் தண்ணீர்தான், பசியாற ஏதாவது கட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள், மாத்திரையையும் அப்போதே போடலாமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கால். உங்கள் வேலைக்கு இதுதான் முக்கியம். நாள் முழுக்க பூட்ஸுக்குள் வெந்து கிடக்கிற கால், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போயிருக்கும், முள் குத்தியிருக்கும். இனிப்புநீரால் நரம்பு மரத்துப் போயிருந்தால் முள் ஏறியதுகூடத் தெரியாது. மிஸ்ஸி தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார். தெரியாத இடத்தில் 'தெரிகிறது' என்று சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் நாளைக்குப் புண் வரும். வெட்கப்பட்டு சாக்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிற ஆளாக இருந்தால், முதல்நாளே நன்றாகக் கழுவித் துடைத்து, விரலிடுக்கைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நீங்களும் கேளுங்கள். எனக்கு எச்பிஏ1சி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? (ஆளுக்கு ஆள் மாறும்.) பசியாறாமல் வெட்டுக்குப் போகிற நாளில் மாத்திரை எப்படி? மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி ரொம்ப இறங்குவது அபூர்வம், கிளிக்லசைட் மாதிரி வேறு மாத்திரை சேர்த்தால் இறங்கலாம்: கை நடுங்கி, வேர்த்து, படபடக்கும், மெஷினில் 4-க்குக் கீழே காட்டும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறவர் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கண்ணைப் படம் எடுக்க எப்போது தேதி என்றும் கேளுங்கள், பார்வை நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும், அன்றைக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.