எலெக்ட்ரான் கணினியை யாரும் கேட்கவில்லையா?

கேள்வி: சின்க்ளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் கணினி அளவுக்கு விளையாட்டுகள் இல்லாததால்தானே ஏகார்ன் நிறுவனத்தின் எலெக்ட்ரான் என்ற வீட்டுக் கணினி பிரிட்டனில் தோற்றது?

விற்பனைப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. தோற்றது உண்மை. யாரும் கேட்கவில்லை என்பது பொய். 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் கடையொன்றின் கவுண்டரில் நின்று ஏச்சு வாங்கியவன் நான்.

அன்றைய பெற்றோருக்குப் பிள்ளை பள்ளியில் தொடும் பிபிசி மைக்ரோதான் கணினி; அதுவும் ஏகார்ன் தயாரிப்புதான். அதன் மாடல் பி விலையோ 399 பவுண்டு. அதே பேசிக் நிரல் மொழியோடு 199 பவுண்டுக்கு எலெக்ட்ரான் வருகிறது என்றதும் முன்பணத்தோடு வந்து நின்றார்கள். பெட்டிதான் வரவில்லை.

காரணம் ஒரு சில்லு. பிபிசி மைக்ரோவில் பல சில்லுகள் பார்த்த வேலையை யுஎல்ஏ என்ற ஒன்றில் அடக்கித்தான் விலையைக் குறைத்திருந்தார்கள். ஃபெராண்டி என்ற நிறுவனம் தயாரித்த அந்தச் சில்லில் பழுதில்லாமல் தேறியவை மிகக் குறைவு. சுமார் 3 லட்சம் ஆர்டருக்கு 30 ஆயிரம் அளவில்தான் கொடுக்க முடிந்தது.

"அடுத்த வாரம் வரும்" என்று சொல்லச் சொன்னார் முதலாளி, சொன்னேன். கடைசியில் ஒவ்வொருவராக முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே கடையில் 130 பவுண்டுக்கும் குறைவாக இருந்த 48 கே மெமரி கொண்ட ஸ்பெக்ட்ரத்தைத் தூக்கிப் போனார்கள். சின்க்ளேர் மட்டும் ஒழுங்கா? முந்தைய ஆண்டு அஞ்சலில் பணம் கட்டியவர்களை மாதக்கணக்கில் காக்க வைத்த நிறுவனம்தான். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சரக்கு அலமாரியில் இருந்தது.

முன்பணம் பிடித்தபோது தோளைத் தட்டிய முதலாளி, அது திரும்பிப் போனதும் என் கமிஷனைக் கழித்துக்கொண்டார். ஸ்பெக்ட்ரம் விற்ற கமிஷனோ அந்தப் பிரிவில் நின்றவருக்குப் போனது. மாணவன், வந்தேறி, எங்கே போய்ச் சொல்வான் என்ற துணிச்சல். தொலைக்காட்சிப் பிரிவில் யாருக்கும் இப்படிக் கழிக்கவில்லை.

"பிபிசியைவிட மெதுவானது, ஒலிக்கு ஒரே தடம்" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: தெரியும். மெமரியை 4 பிட் அகலத்தில், அதாவது ஒரு தடவைக்கு 4 பிட் மட்டுமே எடுக்கும்படி வைத்ததன் விளைவு அந்த வேகக் குறைவு. ஆனால் முன்பணத்தைத் திரும்பக் கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தவர் அல்ல.

1984இல் சில்லு சீராகி உற்பத்தி பெருகியபோது வீட்டுக் கணினிச் சந்தையே படுத்துவிட்டது. நீண்டகால ஒப்பந்தங்களால் உற்பத்தியைச் சட்டென்று நிறுத்தவும் முடியவில்லை, கிடங்குகள் நிரம்பின. 1985 பிப்ரவரியில் ஒலிவெட்டி என்ற இத்தாலிய நிறுவனம் 49.3 விழுக்காடு பங்கை வாங்கித்தான் ஏகார்ன் தப்பியது. இதில் விளையாட்டுகள் எங்கே வந்தன?