அயர்லாந்தின் அரசர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வாரங்களாக அயர்லாந்துத் தொன்மங்களை வாசித்துவருகிறேன். துவாஹா டே டனான் என்னும் மாய ஆற்றல் கொண்ட குலம் நம் தேவர்களைப் போலவும், கடலுக்கு அப்பாலிருந்து வந்து கப்பம் கேட்கும் ஃபோமோரியர் அசுரர்களைப் போலவும் தோன்றுகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஃபிர் போல்க் குலத்தோடு நடந்த போரில் கையை இழந்த தங்கள் அரசன் நுவாடாவை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு, பாதி ஃபோமோரியனான பிரெஸ்ஸை அரசனாக்குகிறார்கள். தன் மக்களுக்காகக் கையைக் கொடுத்தவனுக்கு இதுவா மரியாதை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேவர், அசுரர் என்ற சட்டகத்தை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். அது இந்தக் கதைகளுக்குப் பொருந்தாது. பிரெஸ்ஸின் தந்தை எலாதா ஃபோமோரிய அரசன். அவன் வருவதை, டனான் குலமும் ஃபோமோரியரும் மோதிய மாய்துரா இரண்டாம் போரின் கதை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்: வெள்ளிக் கப்பல், தோள்வரை புரளும் பொன்னிறக் கூந்தல், அத்தனை அழகு. கடலோரம் நிற்கும் டனான் குலப் பெண் ஏரியு, பிரெஸ்ஸின் தாயாகப் போகிறவள், அவன்மேல் மையல் கொள்கிறாள். மறுபக்கம், ஃபோமோரியரை வீழ்த்தும் டனான் வீரன் லூவின் தாய் யார்? அவர்களின் தலைவனான பாலோரின் மகள். போர்க்களத்தில் லூவின் கவண்கல் துளைத்துச் செல்வது சொந்தத் தாத்தாவின் கண்ணை. இரண்டு குலமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. பிரெஸ், லூ இருவரிடமும் இரண்டு ரத்தமும் ஓடுகிறது. ஒருவன் நாட்டைக் கெடுத்தான், இன்னொருவன் மீட்டான். இனத்தை வைத்து அரசனை அளக்க இந்தக் கதை இடமே தருவதில்லை.

நுவாடா விஷயத்துக்கு வருகிறேன். அரசனின் உடலும் நாட்டின் உடலும் ஒன்று, அவனில் குறையிருந்தால் மண்ணிலும் குறை வரும் என்பது பழைய ஐரிஷ் நம்பிக்கை. இது வெறும் கதையல்ல. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, தேனீ வளர்ப்பு பற்றிய சட்ட நூலொன்று, கோங்கல் என்ற அரசன் தேனீ கொட்டி ஒரு கண்ணை இழந்ததால், அயர்லாந்து அரசர்களின் தலைமை இடமான டாராவின் அரசுரிமையை இழந்தான் என்று பதிவு செய்கிறது. அவன் 637இல் போரில் இறந்த வரலாற்று மனிதன். விதி கொடுமையானது, ஐயமில்லை. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த விதியை வைத்துக் கதை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

முழு உடலும் பேரழகும் கொண்ட ஒருவனை அது அரியணையில் உட்காரவைக்கிறது. அவன் ஆட்சியில் மாவீரன் ஓக்மா விறகு சுமக்கிறான். அதே குலத்தின் பெருந்தலைவர்களில் ஒருவனான தாக்டா மண் வெட்டிக் கோட்டை கட்டுகிறான். விருந்துக்குப் போன தலைவர்களின் கத்தியில் கொழுப்பு படவில்லை, மூச்சில் மது மணக்கவில்லை. பாணர் இல்லை, குழலூதுவோர் இல்லை. ஒருநாள் கார்ப்ரே என்ற கவிஞன் வருகிறான். அவனுக்குக் கிடைத்தது ஒரு குறுகிய இருட்டுக் குடிசை. அடுப்பு இல்லை, படுக்கை இல்லை. சின்னத் தட்டில் மூன்று காய்ந்த அடைகள், அவ்வளவுதான். விடிந்ததும் அவன் வசை பாடுகிறான். அயர்லாந்தில் பாடப்பட்ட முதல் வசை அது என்கிறது கதை. அந்தக் கணத்திலிருந்து பிரெஸ்ஸின் ஆட்சி வாடத் தொடங்குகிறது. விருந்தை மறுக்கும் அரசனும் பொய்த்தீர்ப்புச் சொல்லும் அரசனும் தம் மதிப்பையே இழப்பார்கள் என்று ஐரிஷ் சட்ட நூல்களும் சொல்கின்றன. நுவாடாவோ, மருத்துவன் டியான் கெக்ட் செய்துகொடுத்த வெள்ளிக் கையோடு மீண்டும் அரசனாகிறான். ஆகவே அவனுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கையில்லாதவனைவிடக் கொடுக்கக் கை நீளாதவன்தான் நாட்டுக்குக் கேடு என்று கதை காட்டிவிடுகிறது.

பொய்த்தீர்ப்புக்கு இன்னொரு கதை உண்டு. டாராவில் லுகய்த் மாக் கோன் ஆண்டபோது, அரசியின் நீலச்சாயச் செடிகளை யாரோ ஒருவரின் ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆடுகளையே பறிமுதல் செய் என்றான் அரசன். அங்கே வளர்ந்த சிறுவன் கோர்மாக் குறுக்கிட்டான்: செடி மறுபடி தழைக்கும், ஆட்டு மயிரும் மறுபடி வளரும், அதனால் ஒருமுறை கத்தரித்த மயிரை மட்டும் ஈடாகக் கொடுத்தால் போதும். உடனே பொய்த்தீர்ப்பு சொல்லப்பட்ட வீட்டின் ஒரு பக்கம் சரிந்து மலைச்சரிவில் விழுந்தது. அதற்குப் பிறகும் ஓராண்டு லுகய்த் அரியணையில் இருந்தான். புல் முளைக்கவில்லை, மரம் துளிர்க்கவில்லை, கதிரில் மணி பிடிக்கவில்லை. மக்கள் அவனை விரட்டிவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இங்கே அரசன் மனிதன், மாயக்குலத்தவன் அல்ல. ஆனால் அளவுகோல் பிரெஸ்ஸுக்கு வைத்த அதே அளவுகோல்.

இந்தக் கதைகளை ஏட்டில் ஏற்றியவர்கள் கிறிஸ்தவ அறிஞர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். குலங்களின் வருகையை வரிசைப்படுத்தும் படையெடுப்புகளின் நூல் 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. அதைப் பிறகு படிக்கலாம், பட்டியல் அதிகம், தொடக்கத்தில் சலிப்பூட்டும். முதலில் மாய்துராவின் கதையை முடியுங்கள். போர் முடிந்து பிடிபட்ட பிரெஸ் உயிர்ப்பிச்சை கேட்கும் இடத்தை நிதானமாக வாசியுங்கள். ஆண்டுக்கு நான்கு அறுவடை தருகிறேன் என்கிறான். வேண்டாம், ஒரு பருவத்துக்கு ஒரு வேலை என்பதே எங்களுக்குப் போதும் என்கிறார்கள். கடைசியில் எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்று மட்டும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை என்கிறான். அதற்காக அவனை உயிரோடு விட்டுவிடுகிறார்கள்.