இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

கேள்வி: அத்தை மகனுக்கு என்னைப் பெண் கேட்கிறார்கள். சொந்தத்தில் கட்டினால் குழந்தைக்குக் குறை வர இரண்டு மடங்கு வாய்ப்பு என்று படித்தேன். பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: படித்தது சரிதான் அம்மா. ஆனால் எதற்கு இரண்டு மடங்கு? என் மேஜையில் ஒரு டப்பாவில் 100 புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். சொந்தமில்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். மூன்று கொட்டையைத் தனியே வைப்பேன். அத்தை மகன், மாமன் மகள் என்றால் சுமார் 6. இன்னும் மூன்றை எடுத்து வைப்பேன். டப்பாவில் 94 மிச்சம். அதைப் பார்த்ததும் சிலருக்கு மூச்சு வரும். சிலர் வெளியே கிடக்கும் ஆறையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டுமே நியாயம்தான்.

ஆனால் குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோ, பிறவிக் காதுகேளாமையோ, காரணம் தெரியாமல் இறந்த குழந்தையோ உண்டென்றால் இந்தக் கணக்கு செல்லாது. இருவருமே தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நிச்சயத்துக்கு முன்பே இருவரும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை. நான் பார்டரில் இருக்கிறேன். எப்படியும் வரப்போகிறது, சோற்றை ஏன் குறைக்க வேண்டும்?

பதில்: உங்களைப் போன்றவர்களை மூன்று ஆண்டு கவனித்த இந்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று விடாமல் பின்தொடர்ந்தவர்களில் 39 பேருக்கு. 16 பேர் தப்பியிருக்கிறார்கள். அந்த 39 பேரை மறைத்து, "நடந்தால் வராது" என்று சொல்லி அனுப்பினால், வந்த பிறகு நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்று. எச்சிலை எடுத்து அனுப்பும் மரபணுப் பரிசோதனைக் கிட்டில் எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்படியொரு கிட் மார்பகப் புற்றுக்காகப் பார்த்தது மூன்றே மரபணு மாற்றங்களை. அவையும் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த அஷ்கநாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. முடிந்தால் முதலில் அம்மாவின் ரத்தத்தில் மரபணுவைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: நான் நர்ஸ். பயமுறுத்தினால்தான் நோயாளிகள் கேட்கிறார்கள் சார்.

பதில்: 1995இல் பிரிட்டனில், சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இரட்டிப்பாகும் என்று எச்சரித்தார்கள். 7000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனது, அவ்வளவுதான். பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் ஆயிரக்கணக்கில் கூடின. கர்ப்பமானாலே ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம்.