வீட்டிலேயே சிமெண்ட் டம்பெல் செய்ய முடியுமா? உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் பழுதாவது சிமெண்ட் அல்ல, குழாயும் சிமெண்டும் சேரும் இடம். டப்பாவில் கலவையைக் கொட்டி வெறும் குழாயைச் செருகி வைத்தால், நாளடைவில் குண்டு குழாயைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கும். பிறகு தலைக்கு மேல் தூக்கும்போது கழன்று விழக்கூடும். அதனால் உழைப்பில் பாதியைக் கைப்பிடிக்கே கொடுங்கள். கீழே உள்ள கணக்கு 10 கிலோ டம்பெல் ஒன்றுக்கு.

முக்கால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 34 செ.மீ. வேண்டும். இதன் வெளிவிட்டம் சுமார் 27 மி.மீ., கைக்குச் சரியாக அடங்கும். ஒரு இஞ்ச் குழாய் 33.7 மி.மீ. வரும், சிறிய கைகளுக்குப் பிடி சீக்கிரம் சோர்ந்துவிடும். குழாயில் மஞ்சள் பட்டை இருந்தால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. நீலப் பட்டையே வாங்குங்கள்.

இரு முனையிலிருந்தும் 3 செ.மீ., 7 செ.மீ. தூரத்தில் 9 மி.மீ. துளை போட வேண்டும். இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கட்டும். அவற்றில் 9 செ.மீ. நீளமுள்ள 8 மி.மீ. முறுக்குக் கம்பிகளைச் செருகுங்கள். சுழலாமலும் உருவாமலும் பிடிப்பது இந்தக் கம்பிதான். துளை போடாமல் முனையில் மரை வெட்டி ‘டீ’ (T வடிவக் குழாய் இணைப்பு) மாட்டுகிறவர்கள் உண்டு. அது மரை திரும்பிக் கழலும், வெல்டிங் பொட்டு வைத்தால்தான் நம்பலாம். குழாயின் வாயை டேப்பால் அடைத்துவிடுங்கள்.

அச்சுக்கு 15 செ.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பா இரண்டு, 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டியது. உள்ளே எண்ணெய் தடவி, சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளிக் கோழிவலையை வளையமாக நிறுத்துங்கள். விளிம்பு விரிசல் விட்டாலும் துண்டு சிதறாது.

கலவையைத் தராசில் நிறுத்தே போடுங்கள். இது இரண்டு குண்டுக்கும் சேர்ந்த அளவு, ஒவ்வொரு முறையும் பாதியை மட்டும் கலக்குங்கள்: சிமெண்ட் 1.6 கிலோ, எம்-சாண்ட் 2.4 கிலோ, கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லி 4.7 கிலோ, தண்ணீர் 750 மி.லி. கையில் ஒட்டி வீணாவதற்கு எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கூட எடுத்துக்கொள்ளலாம். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. மிஞ்சிய தண்ணீர் உலர்ந்து போன இடமெல்லாம் நுண்துளையாகி, லேசாக இடித்தாலே மூலை பெயரும். ஜல்லி இல்லாமல் வெறும் மணலும் சிமெண்டும் கலந்தால் அதிகம் சுருங்கி வெடிக்கும், எடையும் குறையும். ரப்பர் கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

முதல் அச்சுக்கு 4.65 கிலோ கலவையை நிறுத்து எடுங்கள். அடியில் ஒன்றரை செ.மீ. போட்டு, குழாயை நடுவில் நிறுத்தி, மீதியை மூன்று அடுக்காகப் போடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் இருபத்தைந்து குத்து குத்தி, டப்பாவின் பக்கத்தைத் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இங்கே சாய்ந்தால் பிறகு திருத்த வழியில்லை.

இரண்டாவது பக்கத்துக்கு அவசரம் வேண்டாம், மூன்று நாள் கழியட்டும். முதல் குண்டை மேலே திருப்பும்போது அதன் பாரம் முழுவதும் புதுக் கலவையில் நிற்கும் குழாய்மீது இறங்கும். அதனால் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, பலகை வைத்து, குண்டை அதன்மேல் உட்கார வையுங்கள். பிடிக்கு 14 செ.மீ. இடைவெளி வரும்படி குழாயில் முன்னதாகவே கோடு போட்டு, கோடு வரை கலவையை நிரப்புங்கள். இதற்கும் அதே 4.65 கிலோ.

அச்சைக் கழற்றியதும் ஈரச் சாக்கு சுற்றிப் பத்து நாள் நனைத்து வைக்க வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசோலானா) சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். 28 நாள் ஆகும் வரை தூக்காதீர்கள், கல் போலத் தெரிந்தாலும். பிறகு விளிம்பை உப்புத்தாள் கொண்டு மழுக்கி, பெயிண்ட் அடித்து, பிடியில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றுங்கள். சைக்கிள் டியூப் வியர்வையில் வழுக்கும், வேண்டாம்.

இதே முறையில் பார்பெல் (இரு கையாலும் தூக்கும் நீளக் கம்பி) செய்ய ஒரு இஞ்ச் நீலப் பட்டைக் குழாய் போதும், மொத்தம் 30 கிலோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து ஆள் துணையின்றி பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் தூக்குவது) செய்யவே கூடாது. கடைப் பார்பெல்லில் எடைத் தட்டைப் பிடிக்கும் கிளிப்பைப் போடாவிட்டால், அடியில் மாட்டிக்கொண்டபோது ஒரு பக்கம் சாய்த்து எடையை நழுவவிடலாம். இதில் குண்டு வார்த்து இறுகியது, நழுவாது.